சூரியப் பிரபைக்கு முன்னால் போன பெட்டிகள்

பணிமனையில் புதிதாகச் சேரும் ஓட்டுநர்களுக்கு முதல் நாளே சொல்லித்தரும் விதிகளில் ஒன்று பொறியாளர்களான உங்களைச் சிரிக்க வைத்ததாகக் கேள்விப்பட்டேன். “எந்த ஊர் வழியா வேணா போ. அந்த ஊர்ல பொறந்து வளந்த இன்ஜினியர்கிட்ட மட்டும் வழி கேக்காதே.” உங்களில் ஒருவர் காரணம் கேட்டபோது பயிற்சியாளர், “திருவான்மியூர்ல ரிட்டயராயி ஒருத்தர் கீறாரு, அவரையே கேளு” என்று கைகாட்டிவிட்டாராம். அந்த ஒருத்தர் நான்தான்.

சொல்லிவிடுகிறேன். ஆனால் எனக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. நான் தேதிக்காரன். எங்கள் குடியிருப்பில் மோட்டார் பழுதான நாள், எதிர்வீட்டு வேப்பமரம் விழுந்த நாள், பால் விலை ஏறிய நாள் எல்லாவற்றையும் குறித்து வைப்பவன். கோட்டூர்புரம் நூலகத்தில் பழைய சென்னையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டு, அவற்றில் உள்ள ஆண்டுப் பிழைகளை நூலகரிடம் சொல்லி, அவர் என்னைக் கண்டால் அலமாரிக்குப் பின்னால் மறையும்படி செய்தவன். அப்படிப்பட்ட நான், நம் தொழிலின் ரகசியக் கட்டுப்பாட்டுக்காக, இந்தச் சம்பவத்தை “ஒரு தை மாதம்” என்று மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. எழுதும்போதே கை கூசுகிறது.

அந்தத் தை மாதம் நம் ஏவுவண்டி குடியரசு தின அணிவகுப்பில் முதல்முறையாகக் கலந்துகொள்ள இருந்தது. நேற்றுச் சேர்ந்தவர்களுக்காக வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. கனரக லாரி. அதன் முதுகில் ஒரு தாங்கி. தாங்கியில் இரண்டு நீளப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ராக்கெட்டுக் குழாய்கள் அடுக்கியிருக்கும். சுட்டு முடிந்ததும் குழாய்களை ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டிருக்காமல் பெட்டியையே கழற்றி இறக்கிவிட்டு வேறு பெட்டியை ஏற்றலாம். வேறு அளவு ராக்கெட் வேண்டுமானால் வேறு அளவுப் பெட்டி. இறக்க ஏற்ற, வண்டியின் பின்புறமே மடக்கிய ஒரு தூக்குக் கை உண்டு. இதைத்தான் ‘மாடுலர்’ என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். வந்த விருந்தினர்களுக்கெல்லாம் கொடுத்த விளக்கத் தாளில், “எந்த இடத்திலும், எந்தச் சூழலிலும் பெட்டிகளைக் கழற்றி மாற்றத்தக்கது” என்ற வாக்கியத்தை எழுதியது நான். “எந்த இடத்திலும்” என்று எழுதியபோது என் மனதில் இருந்தது பாலைவனம்.

அணிவகுப்புக்கு முந்தைய கடைசி ஒத்திகை. விடிவதற்குள் வண்டி கடற்கரைச் சாலையில் நிற்க வேண்டும். பெட்டிகள் காலி, மூடிகள் போட்டு, புதுப் பச்சை வண்ணம் பூசியிருந்தோம். வண்டிக்குப் பொறுப்பு நான். என் பக்கத்தில் தூக்குக் கையை வடிவமைத்த நளினி. தி. நகர்ப் பெண், குறைவாகப் பேசுவாள், பேசினால் மருந்து மாதிரி இருக்கும். ஓட்டியவர் செல்வம். ஒப்பந்த ஓட்டுநர். அணிவகுப்பு முடிந்ததும் அவருக்கு நிரந்தர ஆணை வருவதாக இருந்தது. அதற்கு ஒரே நிபந்தனை: வண்டியில் ஒரு கீறல்கூட விழக் கூடாது. அதை அவர் அடையாற்றிலிருந்து புறப்பட்டபோதே என்னிடம் சொன்னார். பாலம் தாண்டியதும் மறுபடி சொன்னார்.

சாந்தோம் பக்கம் திரும்பும் இடத்தில் ஒரு போலீஸ்காரர் கையை நீட்டினார். முன்னால் கழிவுநீர்க் குழாய் உடைந்து சாலை உள்வாங்கியிருக்கிறது, லஸ் வழியாகச் சுற்றிப் போங்கள் என்றார். அப்போதுதான் என் வாழ்நாள் படிப்பெல்லாம் ஒன்றுசேர்ந்து என் தொண்டைக்கு வந்தது.

“லஸ் வேண்டாம். அங்கே மெட்ரோ வேலை, மாட்டிப்போம். நான் ஒரு வழி சொல்றேன்” என்றேன்.

செல்வம் என்னைப் பார்த்தார். “கரீட்டா தெரியுமா சார்?”

“நான் பொறந்த ஊரு செல்வம். ஒவ்வொரு தெருவோட சரித்திரமும் தெரியும்.”

“சரித்திரம் இருக்கட்டும் சார். அகலம் தெரியுமா?”

தெரியும் என்றேன். அது உண்மையும்கூட. அகலம் தெரியும். உயரத்தைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

எங்களுக்கு முன்னே பாதுகாப்பு ஜீப். என் வழிகாட்டுதலில் இரண்டு வண்டிகளும் மயிலாப்பூருக்குள் நுழைந்தன. தெருப் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே என் மைத்துனர் இன்னும் குடியிருக்கிறார். வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் ஏவுவண்டியைப் பார்த்துக் கோலப்பொடிக் கிண்ணத்துடன் படியேறி நின்றார்கள். நான் கேபினில் வேறு வழியில்லாத இரண்டு பேருக்கு, இந்தத் தெரு முன்பு யாருடைய தோட்டமாக இருந்தது, அந்தத் தோட்டம் எப்படிப் பிரிந்தது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். இரண்டாவது வாரிசு வரை வந்திருப்பேன். செல்வம் பிரேக்கை மிதித்தார்.

முன்னே தெருவுக்குக் குறுக்கே மூங்கில் வளைவு. இரு பக்கமும் வாழை மரம், நடுவில் வண்ண விளக்குகளால் ஏழு குதிரை பூட்டிய தேர். அதன் அடியில் ஜீப் தாராளமாகப் போய் அந்தப் பக்கம் நின்றுவிட்டது. எங்கள் பெட்டிகளின் உச்சி வளைவின் குறுக்குக் கழியைவிட ஒரு முழம் உயரம்.

“இன்னிக்கு ரத சப்தமி சார்” என்றாள் நளினி. “நீங்க தேதி எல்லாம் பார்ப்பீங்களே.”

எல்லாத் தேதியும் பார்த்திருந்தேன். அன்றைக்குப் பெருமாள் சூரியப் பிரபை வாகனத்தில் சூரிய உதயத்தின்போது புறப்படுவார் என்பதும், முதல் வெயில் அவர் மேல் படுவதற்காகத் தெரு முழுவதும் காத்திருக்கும் என்பதும் சிறுவயதிலிருந்தே தெரியும். ஆனால் அது என் மனதில் கோயில் கணக்கில் இருந்தது. ஒத்திகை அலுவலகக் கணக்கில் இருந்தது. இரண்டும் ஒரே நாள் என்பதை ஒரு மூங்கில் கழி வந்து சொல்ல வேண்டியிருந்தது.

பின்னால் போகலாம் என்று கண்ணாடியைப் பார்த்தால், ஒரு தண்ணீர் லாரி, ஒரு வேன், அதன் பின்னால் இரண்டு ஆட்டோ, அதற்கும் பின்னால் விளக்குகள். நான் இறங்கிப் போய்த் தண்ணீர் லாரிக்காரரைக் கேட்டேன், நீங்கள் ஏன் இந்தத் தெருவுக்குள் வந்தீர்கள் என்று.

“இன்னா சார் இப்டி கேக்குறே? இவ்ளோ பெரிய வண்டி போய்க்கினு கீது, அப்பால ரோடு இருக்கும்னு நம்பித்தானே பின்னால வந்தேன்? உன்ன நம்பி நான், என்ன நம்பி அவுங்க!”

அதற்குள் தெரு கூடிவிட்டது. குளித்துத் தலையில் எருக்கிலை ஒட்டிக்கொண்டிருந்தவர்கள், நடைப்பயிற்சிக்காரர்கள், பூக்காரர்கள். எல்லோரும் ஒரே யோசனையைத்தான் சொன்னார்கள். பாலத்தடியில் லாரி மாட்டிக்கொள்ளும், பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்த அந்தப் புதிர்.

“டயர்ல காத்த எறக்குங்க சார்!”

எங்கள் வண்டியில் கேபினில் இருந்தபடியே காற்றைக் குறைக்க வசதி உண்டு. மிகுந்த கம்பீரத்துடன் குறைக்கச் சொன்னேன். வண்டி பெருமூச்சு விட்டுத் தாழ்ந்தது. நாலு விரல் அளவுக்கு. கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். மீதி உயரம் அப்படியே நின்றது.

“மூங்கில்தானே? மெதுவா விட்டா வளையும். போயிடலாம்” என்றேன்.

செல்வம் இன்ஜினை அணைத்தார். “வளையும் சார். வளைஞ்சிட்டு, பெட்டி மேல கோடு போடும். அந்தக் கோட்ட பாத்து உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டாங்கோ. என்னத்தான் வூட்டுக்குப் போன்னுவாங்கோ.”

நான் அடுத்த யோசனைக்குப் போனேன். அது என் யோசனைகளிலேயே மிக மோசமானது. அப்போது அது பொறுப்பான செயல் போலத் தெரிந்தது. “நான் ஜீப்ல முன்னாடி போய், ஒத்திகையை நடத்தற கர்னல்கிட்ட நிலைமையைச் சொல்லிட்டு வரேன். நீங்க இங்கேயே இருங்க.”

“இன்னா சார், வழி சொன்னது நீ. எறங்கிப் போறதும் நீயா? நான் தனியா இந்த கோயில் ஆளுங்ககிட்ட மாட்டிக்கினு நிக்கணுமா?”

நளினி என் கையில் இருந்த கைப்பையைப் பார்த்தாள். நான் அதை இருக்கையில் திரும்ப வைத்தேன்.

கோயில் ஆட்கள் வந்தார்கள். தர்மகர்த்தா ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். வளைவைக் கழற்ற முடியுமா என்று கேட்டேன். “சார், கழட்டிட்டுத் திரும்பக் கட்டறதுக்குள்ள சூரியன் உச்சிக்கு வந்துடும். இன்னும் கொஞ்ச நேரத்துல பெருமாள் கோபுர வாசலுக்கு வந்துடுவார். நீங்க நிக்கறது அவரோட வழி. நீங்கதான் நகரணும்.” அவர் குரலில் கடன் தவணை தவறியவரிடம் பேசும் நிதானம் இருந்தது.

நளினி என் பக்கம் திரும்பினாள். “பெட்டியை இறக்கிடலாம் சார்.”

“இங்கேயா? தெருவுலயா?”

“எந்த இடத்திலும், எந்தச் சூழலிலும். நீங்க எழுதினதுதான்.”

“குறிப்பிட்ட இடங்கள்ல மட்டும்தான் தூக்குக் கையை இயக்கலாம்னு விதி இருக்கே. மேலிடத்துல கேக்க வேண்டாமா?”

“கேட்டா என்ன சொல்வாங்க?”

“வேண்டாம்னு.”

“கேக்கலேன்னா?”

“அப்புறமா, ஏன் கேக்கலைன்னு.”

“அப்ப, அப்புறமா சொல்லட்டும்.”

நண்பர்களே, இதை முன்மாதிரியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் இறக்கச் சொன்னதற்குக் காரணம் தைரியம் அல்ல. பெட்டிகள் காலி. மேலே குறுக்கே கம்பிகள் இல்லை. அதை நளினி ஒருமுறைக்கு இருமுறை பார்த்தாள். ஜீப்பிலிருந்த வீரர்கள் வந்து கூட்டத்தைத் தள்ளி நிறுத்தினார்கள். இவ்வளவும் சரியாக இருந்தது. மீதியிருந்தது, இப்போது முடிவெடுத்தால் அது யார் பெயரில் போகும் என்ற பயம் மட்டும். வளைவை இடித்துக்கொண்டு போனால் செல்வத்தின் பெயரில் போகும். பெட்டியை இறக்கினால் என் பெயரில் போகும். இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள எனக்கு இவ்வளவு நேரம் ஆனது என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

தூக்குக் கை விரிந்து முதல் பெட்டியைப் பிடித்து வண்டியின் பின்னால் மெல்ல இறக்கியது. அது நேராக ஒரு பெரிய தேர்க் கோலத்தின் மேல் உட்கார்ந்தது.

“ஐயையோ, கோலத்து மேலயே வெச்சுட்டேளே!” என்றார் வாசலில் நின்ற ஒரு மாமி. “கார்த்தாலேர்ந்து குனிஞ்சு குனிஞ்சு போட்டேன்.”

“மன்னிச்சுக்கோங்க மாமி.”

“உள்ள என்ன, ராக்கெட்டா?”

“காலிப் பெட்டி மாமி.”

“காலிப் பெட்டிக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்!”

இரண்டாவது பெட்டியும் இறங்கியது. தாங்கி மடங்கியது. செல்வம் மூச்சைப் பிடித்துக்கொண்டு வண்டியை நகர்த்தினார். வளைவின் கழிக்கும் வண்டிக்கும் நடுவே இப்போது ஒரு குருவி பறந்து போகலாம். வண்டி அந்தப் பக்கம் போய்விட்டது. தெரு ஆரவாரித்தது. நானும் ஆரவாரித்தேன். பிறகுதான் கவனித்தேன். வண்டி அங்கே இருக்கிறது, பெட்டிகள் இங்கே இருக்கின்றன. தூக்குக் கையும் அங்கே வண்டியோடு போய்விட்டது.

இது உங்களில் சிலருக்கு முன்பே தோன்றியிருக்கலாம். வாழ்த்துகள். எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவில்லை.

அப்போது கோயில் மதில் ஓரம் காபி குடித்துக்கொண்டிருந்த ஒரு கூட்டம் என் கண்ணில் பட்டது. ஸ்ரீபாதம் தாங்கிகள், வாகனத்தைப் பெருமாளோடு நீள மரத் தண்டுகளில் கட்டித் தோளில் சுமப்பவர்கள். பாதிப் பேர் தரமணியில் கணினி வேலை பார்க்கும் இளைஞர்கள். தலைவர் ரங்கன், ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் வேலை. நான் அவரிடம் போய்த் தயங்கி நின்றேன்.

“என்ன மாமா, கனம் எவ்ளோ இருக்கும்?”

“உங்க வாகனத்தைவிடக் கம்மிதான் இருக்கும்.”

“அப்ப வார்ம்-அப்புன்னு வெச்சுக்கலாம். டேய், காபியைக் கீழ வைங்கோடா.”

அவர்கள் மதிலோரம் கிடந்த உபரித் தண்டுகளை எடுத்ததும் தர்மகர்த்தா குறுக்கே வந்தார். “பெருமாள் தண்டுல ராக்கெட்டைக் கட்டறதா? நன்னாருக்கே!”

கோயில் ஆட்களோடு வந்திருந்த அர்ச்சகரான பட்டர் கிழக்கே பார்த்தார். வானம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. “உபரித் தண்டுதானே, கட்டட்டும். பெருமாளுக்கு வழி விடறதுக்காக எதைச் சுமந்தாலும் கைங்கர்யம்தான்” என்றார். தர்மகர்த்தா ஒதுங்கி வழி விட்டார்.

பெட்டியின் தூக்குக் கொக்கிகளில் கயிறு கட்டி, தண்டுகளை நுழைத்து, தோளில் சும்மாடு வைத்து ஏற்றினார்கள். பெட்டி எழுந்தது. நான் பக்கத்தில் நடந்தேன். செல்வம் மறுபக்கம் நடந்தார். பெட்டியில் கை வைக்காமல், கை வைப்பதுபோல் நீட்டிக்கொண்டே. நாலடி போனதும், பெருமாளுக்காகக் காத்திருந்த நாகஸ்வரக்காரர் தோளில் ஏதோ வருவதைப் பார்த்துப் பழக்கத்தில் வாசிக்க ஆரம்பித்துவிட்டார். வாத்தியம் காதில் விழுந்ததும் ஸ்ரீபாதம் தாங்கிகளின் கால்கள் தாமாகவே மாறின. வையாளி என்று ஒன்று உண்டு. வாகனத்தைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னே ஓடி, பின்னே ஓடி, ஆட்டிக் காட்டுவது. தேசத்தின் புதிய ஏவுபெட்டி மூங்கில் வளைவுக்குக் கீழே வையாளி ஆட ஆரம்பித்தது.

“யோவ், ஆட்டாதீங்கய்யா! நல்லா இருப்பீங்க, ஆட்டாதீங்க!” செல்வம் அலறினார். “கீறல் வுழுந்தா என் பொழப்பு போச்சு!”

“ரங்கா, இது பெருமாள் இல்லை!” என்று கத்தினேன் நான்.

“சாரி மாமா! டேய், நேர் நடைடா, நேர் நடை!”

கோலத்து மாமி தட்டில் கற்பூரத்தோடு வாசலுக்கு வந்துவிட்டார். பட்டர் சிரித்தபடி, “மாமி, பெருமாள் பின்னாடி வரார்” என்றார்.

“தெரியும், தெரியும். இதுவும் நம்மளக் காப்பாத்தத்தானே இருக்கு.” கற்பூரத்தைக் காட்டிவிட்டு, பெட்டியின் முகப்பில் பட்டென்று ஒரு சந்தனம், அதன்மேல் குங்குமம். செல்வத்தின் முகம் குங்குமத்தைவிடச் சிவந்தது.

இரண்டு பெட்டிகளும் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து, தாங்கியில் ஏறிப் பூட்டிக்கொண்டன. டயரில் காற்று ஏறியது. தெருமுனையில் திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். சூரியப் பிரபை எழுந்து வந்துகொண்டிருந்தது, ரங்கன் முன் தண்டில். முதல் வெயில் விழுந்ததா என்று பார்க்க நான் நிற்கவில்லை. தண்ணீர் லாரி மட்டும் விடாமல் எங்கள் பின்னால் வந்துகொண்டிருந்தது.

கடற்கரைச் சாலையில் எங்கள் வரிசை நகர இன்னும் சற்று நேரம் இருந்தது. கர்னல் எங்களுக்காகக் காத்திருந்தார். கோயம்புத்தூர்க்காரர். வண்டியைச் சுற்றி வந்தார். டயரைப் பார்த்தார். பெட்டிகளை ஓரம் ஓரமாகப் பார்த்தார். முகப்பில் நின்றார். செல்வம் விறைப்பாக நின்றார், மூச்சு விடுகிறாரா என்று தெரியவில்லை.

“என்னங்க இது?”

ஜீப்பிலிருந்த வீரர் ஒருவர் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார்.

“வண்டிய யாருங்க அந்த வழியில உட்டது?” அவர் பார்வை செல்வத்தின் மேல் இருந்தது. ஓட்டுநரைத்தான் முதலில் பார்ப்பார்கள். எங்கேயும் அப்படித்தான்.

நான் ஒரு அடி முன்னால் வந்தேன். “சார், சாந்தோம் பக்கம் குழாய் உடைஞ்சிருந்தது. அந்தத் தெரு ஆதியில ஒரு தோட்டமா இருந்து, பிறகு…”

“தோட்டம் இருக்கட்டுங்க. திருப்பச் சொன்னது யாரு?”

“நான்.”

“டிரைவர் ஒண்ணும் சொல்லலீங்களா?”

“தெரியுமான்னு கேட்டார். தெரியும்னு சொன்னேன்.”

“பெட்டிய எறக்கச் சொன்னது?”

“அதுவும் நான்தான்.”

கர்னல் குங்குமத்தைத் துடைக்கப் போன செல்வத்தின் கையைத் தடுத்தார். “தொடைக்காதீங்க. ஈரத்துல தேச்சீங்கன்னா பெயிண்ட்டு போயிரும். காயட்டும், அப்படியே போகட்டும்.”

அணிவகுப்பில் அது அப்படியே போயிற்று. நேர்முக வர்ணனையாளர் என் வாக்கியத்தை வாசித்தார்: “எந்த இடத்திலும், எந்தச் சூழலிலும் கழற்றி மாற்றத்தக்கது.” அதை முழுமையாகச் சோதித்துப் பார்த்தவர்கள் கேபினில் உட்கார்ந்திருந்தார்கள். நான் அதில் இல்லை. ஒத்திகையோடு எனக்கு வண்டிப் பொறுப்பு பறிபோனது. அணிவகுப்பைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். பெட்டியின் முகப்பில் ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி தெரிந்தது. என் மனைவி அது தொலைக்காட்சியின் கோளாறு என்றாள்.

செல்வத்துக்கு ஆணை வந்தது. இன்று உங்கள் ஓட்டுநர்களுக்குப் பயிற்சி தருபவர் அவர்தான். நீங்கள் சிரித்த விதி அவருடையது.

போன வாரம் அவரைத் தொலைபேசியில் பிடித்தேன். “என்ன செல்வம், என்னைப் பத்தி ஊரெல்லாம் சொல்றியாமே? இன்ஜினியர்கிட்ட வழி கேக்கக் கூடாதுன்னு?”

“அது டிரைவருங்களுக்கு சார். இன்ஜினியருங்களுக்கு வேற ஒண்ணு வெச்சிருக்கேன்.”

“அது என்ன?”

“வழி சொல்றதுன்னா தாராளமா சொல்லு. சொல்லிட்டு எறங்கிப் போவாதே. கூடவே குந்திகினு வா.”